தீபம் பார்த்தும் உண்ணாதவர்

“வெள்ளைக்காரர் இன்றும் உண்ணவில்லை. தீபம் வரைக்கும் விரதம் என்கிறார் ஹெட் வார்டர். மாலையில் தூறல். தேர் நிலைக்கு வரத் தாமதம்.”

மகா தேர் நாளன்று என் டைரியில் இருக்கும் குறிப்பு இது. இதில் முதல் வாக்கியமும் கடைசி இரண்டும் சரி. இரண்டாவதும், ஹெட் வார்டர் அப்படிச் சொன்னார் என்ற அளவில் சரிதான். அவர் சொன்னதுதான் தவறு. அந்தத் தவறு எங்கள் ஜெயிலில் எப்படி வந்தது, எப்படி விலகியது என்பதை இப்போது வார்டராகச் சேருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி திருவண்ணாமலையில் ஒரு சப் ஜெயிலில் கழிந்தது. இது நடந்தது எழுபதுகளின் பின்பாதியில். ஆண்டையும் ஆங்கிலத் தேதியையும் வேண்டுமென்றே விடுகிறேன். அன்று உடன் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். நாள் கணக்குக்குக் கோயில் நாள்களே போதும். கொடியேற்றம் முதல் நாள், தேர் ஏழாம் நாள், தீபம் பத்தாம் நாள். எங்கள் ஊரில் அரசு அலுவலகத்தில்கூடக் கார்த்திகை மாதத்தில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

1. வாசலுக்கு வந்த வெல்டர்

வெளிநாட்டுக்காரர்கள் எங்களுக்குப் புதிது அல்ல. ஆசிரமங்களைத் தேடி வருகிறவர்களில் சிலருக்கு விசா முடிந்துபோகும். சிலரிடம் கஞ்சா பிடிபடும். ஒருவர் பாஸ்போர்ட்டைக் குரங்கு கொண்டுபோய்விட்டது என்றார். விசாரித்ததில் அது உண்மை. இவர்களை எங்கள் ஜெயிலுக்கு அனுப்பினால் கொஞ்ச நாளில் வேலூர் மத்திய சிறைக்கு மாற்றிவிடுவார்கள், அல்லது ஜாமீனில் போய்விடுவார்கள். அதுவரை ஒரு ஸ்பூன், மடக்கு நாற்காலி, காரம் குறைந்த குழம்பு என்று ஏதாவது செய்துகொடுப்போம். யாராக இருந்தாலும் வார்டர்கள் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். காவி கட்டியிருந்தாலும் சாமி, கால்சட்டை போட்டிருந்தாலும் சாமி.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள், திருவிழாவை ஒட்டி போலீஸ் லாட்ஜுகளில் சோதனை போட்டது. அன்று மாலை ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டினர் சட்டப்படி வழக்கு. விசா காலாவதியாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இத்தாலிக்காரர், முப்பது வயது இருக்கும். பெயர் பாவ்லோ. சோதனை போடும்போது கைகளைப் பார்த்தேன். உள்ளங்கையிலும் முழங்கையிலும் சின்னச் சின்னத் தீக்காயத் தழும்புகள். தொழில் என்ன என்று கேட்டேன். ‘வெல்டர்’ என்றார். ஆசிரமத்துக்கு வந்தீர்களா என்று கேட்டதற்கு, ‘நோ, நோ. பேக்’ என்று தோளில் பை மாட்டுவது போலக் காட்டினார்.

அரைகுறை இங்கிலீஷில் அவர் சொன்னது இது. அவரும் மனைவியும் நிலவழியாக வந்து ஊர் ஊராகப் போனவர்கள். திருவண்ணாமலையில் தங்கியிருந்தபோது மனைவிக்கு மஞ்சள்காமாலை. மெட்ராஸில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். லாட்ஜில் விட்டுப்போன துணிமணிகளை எடுத்துக்கொண்டு மறுநாளே திரும்பிவிடுவதாக அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சான்றைக் காட்டி விசாவை நீட்டி வாங்கியிருந்தார். தனக்கும் வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

‘ஒய்ஃப் நோ நோ’ என்றார் என்னிடம். தான் இங்கே இருப்பது மனைவிக்குத் தெரியாது என்கிறார். அதை நாங்கள் எல்லாருமே அன்று புரிந்துகொண்டோம்.

ஹெட் வார்டர் கோவிந்தன் அவரைத் தட்டிக்கொடுத்தார். “கவலப்படாத சாமி. ஸ்டேஷன்லேருந்து ஒங்க எம்பஸிக்கு லெட்டர் போயிருக்கும். அவங்க சொல்லிடுவாங்க. இன்னா, புரிதா?”

பாவ்லோ என்ற பெயர் கோவிந்தன் வாயில் அன்றே ‘பாலு சாமி’ ஆகிவிட்டது.

2. படிக்கத் தெரியாத கடிதம்

கொடியேற்றத்தன்று பாவ்லோ மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கைதி எழுதும் கடிதத்தை ஜெயிலர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தபாலில் சேர்க்க வேண்டும். கடிதம் இத்தாலிய மொழியில் இருந்தது.

ஜெயிலர் நல்ல மனிதர். கோபம் வராது, குரல் உயராது. பதவி உயர்வு எந்த நாளும் வரலாம் என்று காத்திருந்தார். கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“எனக்குப் புரியாத பாஷைல இருக்கறத நான் எப்பிடிய்யா பாஸ் பண்றது? இதுல இன்னா எழுதியிருக்குன்னு நாளைக்கு எவனாச்சும் கேட்டா?”

“இங்கிலீஷ்ல எழுதச் சொல்லட்டுங்களா ஐயா?”

“சொல்லு.”

சொன்னேன். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் பேச வரும், எழுத வராது. நான் எழுதித் தருகிறேன் என்று ஜெயிலரிடம் கேட்டேன். எம்பஸிக்குத்தான் ஸ்டேஷனிலிருந்து தகவல் போய்விட்டதே, ஒரே தகவலை இரண்டு அலுவலகம் எதற்கு அனுப்ப வேண்டும் என்றார் ஜெயிலர். அது நியாயமாகத்தான் பட்டது. கடிதம் மொழிபெயர்ப்புக்கு அனுப்ப வேண்டியவற்றோடு மேசை இழுப்பறைக்குப் போனது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பாவ்லோ, யார் அந்தப் பக்கம் போனாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ‘லெட்டர்?’ என்று கேட்டார். ‘வெயிட்’ என்றோம். அந்த ஒரு இங்கிலீஷ் சொல் எங்கள் எல்லாருக்கும் நன்றாக வரும்.

நான்காம் நாள் காலையில் கஞ்சித் தட்டைக் கையால் தள்ளினார். கிழக்கே கையைக் காட்டி ‘ஒய்ஃப்’ என்று ஒரு தடவை சொன்னார். பிறகு மூலையில் போய், ஜன்னலைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் யாரிடமும் பேசவில்லை.

3. விரதம் ஆனது எப்படி

இதை வாசிக்கிற இளைஞர்கள் சிரிக்கக்கூடும். ஒரு கைதி சாப்பாட்டை மறுக்கிறார், பேச மறுக்கிறார், ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வேறு எந்த ஊர் ஜெயிலிலும் முதல் வேளையிலேயே அபாய மணி அடித்திருப்பார்கள். சாப்பாடு மறுத்தால் அன்றே எழுத வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும், வேலூருக்குத் தகவல் போக வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கும் தெரியும்.

ஆனால் எங்கள் ஊரில், தீபத் திருவிழாவில், ஒரு வெள்ளைக்காரர் உண்ணாமல் பேசாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் வேறு. மலையைச் சுற்றிலும் அப்படி உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தீபம் பார்க்கும் வரை உண்ணாமல் இருக்கிறவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். ரம்ஜானுக்கும் அமாவாசைக்கும் கைதிகள் நோன்போ விரதமோ இருந்தால், பெயருக்கு நேரே ‘விரதம்’ என்று போட்டு, சாப்பாட்டு நேரத்தை மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். அதற்கு ரிப்போர்ட் கிடையாது.

கோவிந்தனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எங்களுக்கு அவர் அதை விளக்கியும் சொன்னார்.

“பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்கறா. இவரு இங்க மாட்டிக்கினாரு. இன்னா பண்ணுவாரு? மலையப் பாத்து வேண்டிக்கினாரு. பொண்டாட்டிக்கோசரம் பட்டினி கெடக்கறான்யா வெள்ளக்காரன்! நம்மாளு எவனாச்சும் கெடப்பானா?”

“நீ கெடப்பியாண்ணே?” என்றார் இன்னொரு வார்டர்.

“நான் எங்க கெடக்கறது? ஒரு வேள லேட்டா வந்தாலே அவ சோத்துல தண்ணி ஊத்திடறா. தெனம் எனக்கு விரதந்தான்.”

ஜெயிலுக்குச் சாப்பாடு காண்ட்ராக்ட் எடுத்திருந்தவர் இஸ்மாயில் பாய். கோவிந்தன் சொன்னதைக் கேட்டு அவர் மனம் இளகிவிட்டார். “நாங்ககூட நோன்புல சூரியன் சாஞ்சா வாய நனைக்கறோம். பகல்ல இருக்கட்டும் மனுசன். சாயங்காலம் ஒரு லோட்டா பாலும் ரெண்டு பழமும் நான் குடுத்தனுப்பறேன். அத காண்ட்ராக்ட்ல சேக்காதீங்க” என்றார்.

சொன்னபடியே தினமும் மாலையில் பாலும் பழமும் வந்தன. காலையில் லோட்டா காலியாக இருக்கும். பழத்தோல் மட்டும் கிடக்கும். இரவில் ஏதோ சாப்பிடுகிறார் என்று எங்களுக்கு நிம்மதி.

திருவிழாவில் பிடிபட்ட ஜேப்படிக்காரர்களால் அறைகள் நிறைந்திருந்தன. பாவ்லோவோடு ஏகாம்பரம் என்பவரைப் போட்டிருந்தோம். கீழ்பென்னாத்தூர்க்காரர். மதுவிலக்கு இருந்த காலம். சாராய வழக்கில் ஆண்டுக்கு ஒரு முறையாவது எங்களிடம் வந்து போவார். வந்தால் வாசலிலேயே வேட்டியைத் தளர்த்திக்கொண்டு, “சோதன போடுங்க ஐயா, நம்ம வீடுதான” என்பார்.

4. தேர் நாள் மாலை

ஏழாம் நாள் எனக்குப் பகல் டியூட்டி. தேர் வடம் பிடிக்கிற சத்தமும் மேளமும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தன. பாவ்லோவின் கன்னம் ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. எழுந்து பானையில் தண்ணீர் மொள்ளும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். இரவில் பாலும் பழமும் சாப்பிடுகிறவர் இப்படி ஆவாரா என்று எனக்குத் தோன்றியது.

கிளை நூலகத்தில் சிறை சென்றவர்களின் அனுபவ நூல்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் புத்தகங்களை வார்டர்கள் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்திருந்தேன். ஜெயிலரிடம் போனேன்.

“ஐயா, பாவ்லோ விஷயமா ஒரு ரிப்போர்ட் எழுதிடலாங்களா?”

“எதுக்கு?”

“உண்ணாவிரதமா இருந்தா?”

“உண்ணாவிரதம்னா ஒரு கோரிக்க இருக்கணும். அவரு எதாச்சும் கேட்டாரா?”

“லெட்டர் கேட்டாருங்க.”

“அது மூணாம் நாள். அதுக்கப்பறம் கேட்டாரா?”

“அதுக்கப்பறம் பேசறதே இல்லீங்க.”

“அதான்யா மௌன விரதம்” என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “தீபத்துக்கு எவ்ளோ பெரிய அதிகாரிங்கள்லாம் ஊர்ல வந்து எறங்கிக்கினு இருக்காங்க தெரியுமா? இப்பப் போயி, ஒரு வெள்ளக்காரன் சோறு திங்கலன்னு நீ எழுதினா, எல்லாரும் நேரா இங்கதான் வந்து நிப்பாங்க. தீபம் முடியட்டும். தீபத்த பாத்தா அவரே சாப்டுவாரு. சாப்டலன்னா அப்ப பாக்கலாம்.”

கடைசி வாக்கியத்தை அவர் பேச்சுக்குத்தான் சொன்னார். நான் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய், மேலே எடுத்துக்காட்டிய நான்கு வாக்கியங்களை எழுதினேன்.

5. மலையில் தீபம்

எங்கள் ஜெயிலில் ஒரு வழக்கம் இருந்தது. விதியில் இல்லாதது. தீபத்தன்று மாலை வெளிக்கதவுக்குக் காவலை இரட்டிப்பாக்கிவிட்டு, கைதிகள் எல்லாரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்துவோம். அங்கிருந்து மதிலுக்கு மேலே மலை உச்சி தெரியும். ஊரில் ஒரு பெரிய கடைக்காரர் பொரி உருண்டை அனுப்புவார். இஸ்மாயில் பாய் அன்று வடையும் பாயசமும் சேர்த்துக் கொண்டுவருவார். தீபம் தெரிந்த பிறகுதான் இலை போடுவது.

பாவ்லோவை நானும் ஏகாம்பரமும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நடத்திக்கொண்டுவந்தோம். வெயிலில் காய்ந்த துணியைத் தூக்குவது போல இருந்தது. முற்றத்துத் தொட்டியின் விளிம்பில் உட்கார வைத்தோம்.

உச்சியில் முதலில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு அது எழுந்தது. கோயில் பக்கமிருந்து ஒரு பெருஞ்சத்தம் கிளம்பி, தெருத் தெருவாக எங்கள் மதில் வரைக்கும் வந்தது. உள்ளே ஜேப்படிக்காரர்களும் சாராயக்காரர்களும் வார்டர்களும் சேர்ந்து “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று கத்தினோம். ஜெயிலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். பாவ்லோ மலையைப் பார்த்தார். எங்கள் முகங்களையும் பார்த்தார்.

இலை போட்டார்கள். கோவிந்தன் தானே ஒரு கிண்ணத்தில் பாயசம் எடுத்துக்கொண்டு வந்து பாவ்லோ முன்னால் குனிந்தார்.

“பாலு சாமி, தீபம் பாத்தாச்சு. விரதம் முடிஞ்சிச்சு. வாயத் தொறங்க. ஒங்க வீட்டம்மா நல்லாயிடுவாங்க.”

பாவ்லோ கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார். கோவிந்தன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பாவ்லோ அந்தக் கிண்ணத்தை மெதுவாகத் தரையில் வைத்து, விரலால் தள்ளிவிட்டார்.

கோவிந்தன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. ஏகாம்பரமும் அன்று முழுக்க உண்ணாமல் இருந்தவர். பொரி உருண்டையை வாய் வரைக்கும் கொண்டுபோனவர் கையை இறக்கினார். அதிலிருந்து ஒரு துண்டை உடைத்து, பாவ்லோவின் உதட்டருகே நீட்டினார். பாவ்லோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஐயா” என்றார் ஏகாம்பரம் ஜெயிலரைப் பார்த்து. “ஒண்ணு சொல்லணும். அடிச்சாலும் சரி.”

“இன்னாடா?”

“அந்தப் பாலயும் பழத்தயும் நான்தாங்க சாப்டேன். தெனம் எம்பக்கம் தள்ளுவாரு. வேணாம்னா விட்டுருவாரு, எறும்பு மொய்க்கும். சாமியார் குடுத்த பிரசாதம் மாதிரின்னு நெனச்சிக்கினு சாப்டுட்டேன். இவரு பச்சத் தண்ணியத் தவுர ஒண்ணும் தொடலீங்க.”

கோவிந்தன் கையை ஓங்கினார். “தூ, திருட்டு நாயே! எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“நீங்கதான விரதம்னு சொன்னீங்க. விரதத்தக் கெடுக்கலாமாய்யா? நானும் அப்பிடித்தான் நெனச்சேன். ஆனா நான் எத்தினி தப்பு பண்ணவன்னாலும் தீபத்தன்னிக்குப் பட்டினி கெடந்து தீபத்தப் பாத்துட்டுத்தான் வாய நனைப்பேன். எங்க ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான். தீபத்தப் பாத்த அப்பறமும் ஒருத்தர் வாயத் தொறக்கலன்னா, அது சாமிக்கு இருக்கற விரதம் இல்லீங்க. நம்ம மேல இருக்கறது.”

கோவிந்தன் ஓங்கிய கையை இறக்கினார். தேர் நாளன்று தான் சொன்ன வார்த்தை ஜெயிலருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“எழுதுய்யா” என்றார். “டாக்டருக்கு ஆள் அனுப்பு. தந்தி ஃபாரம் இருக்கா நம்மகிட்ட?”

6. தந்தி

இரண்டு தந்திகள். ஒன்று மெட்ராஸில் அந்த ஆஸ்பத்திரிக்கு, மனைவியின் பெயருக்கு. இன்னொன்று மெட்ராஸிலேயே இருந்த அவர்கள் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கு. கணவர் திருவண்ணாமலையில் சிறையில் இருக்கிறார், உடனே வாருங்கள் என்று நான் இங்கிலீஷில் எழுதினேன். ஜெயிலர் படித்துக் கையெழுத்துப் போட்டார். கடிதத்துக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

தந்தி ஆபீஸுக்குச் சாதாரண நாளில் நடந்தே போய் வந்துவிடலாம். அன்று மலை சுற்றுகிற கூட்டம் எல்லாத் தெருவிலும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. நான் எதிர்த்திசையில் போக வேண்டியிருந்தது. காக்கிச் சட்டையைப் பார்த்து வழிவிட்டவர்களும் உண்டு, “எதுக்க வராரு பாரு, ஊரே ஒரு பக்கம் போவுது” என்று திட்டியவர்களும் உண்டு. கவுண்டரில் இருந்தவர் ஃபாரத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஜெயில்லேருந்தா? இன்னைக்கா?” என்றார். வேறு எதுவும் கேட்காமல் முதலில் என்னுடையதை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது டாக்டர் வந்திருந்தார். குளுக்கோஸ் கரைசலை வைத்துக்கொண்டு பாவ்லோவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பாவ்லோ வாயைத் திறக்கவில்லை. நான் இரண்டு ரசீதுகளையும் அவர் கையில் கொடுத்தேன். ஊர்ப் பெயரின் மேல் விரலை வைத்தார். ஆஸ்பத்திரிப் பெயரின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

பல நாள் பேசாத தொண்டை. சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை முயன்றபோது வந்தது. “வென்?”

“டுமாரோ” என்றேன். மறுநாள் போய்ச் சேரும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் ‘வெயிட்’ என்று சொல்ல மனம் வரவில்லை.

ரசீதுகளைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு டம்ளரை வாங்கினார். டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக, நடுவில் நிறுத்தி நிறுத்திக் குடித்தார். இஸ்மாயில் பாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, “உப்புக் கஞ்சி வச்சு அனுப்பறேன், காலைல குடுங்க. இந்தத் தபா குடிச்சது யாருன்னு பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க” என்றார்.

7. தூதரகத்து கார்

தீபம் முடிந்த மூன்றாம் நாள் ஒரு கார் வந்து நின்றது. தூதரக அதிகாரி ஒருவர் இறங்கினார். பின்னால் ஒரு பெண். ஒடிசலான உடம்பு. கண்ணின் வெள்ளை இன்னும் மஞ்சளாக இருந்தது.

ஜெயிலர் அறையில் பாவ்லோவை உட்கார வைத்திருந்தோம். அவள் உள்ளே வந்ததும் ஓடிப்போய் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் நேராக வந்து, முஷ்டியால் அவர் மார்பில் இரண்டு குத்துக் குத்தினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஏகாம்பரம் கோவிந்தனிடம், “பொண்டாட்டிதான் சார். சந்தேகமே இல்ல” என்றார்.

அதிகாரி எங்களுக்கு இங்கிலீஷில் சொன்னதை அன்றிரவே எழுதி வைத்தேன். மறுநாள் வருவதாகச் சொன்ன கணவர் வரவில்லை என்றதும் அவள் ஆஸ்பத்திரியில் காத்திருந்து பார்த்திருக்கிறாள். பிறகு டாக்டர்கள் தடுத்தும் கேட்காமல் பஸ் ஏறி, தேர் நாளன்று திருவண்ணாமலைக்கே வந்திருக்கிறாள். லாட்ஜில் அறை காலியாகிவிட்டது என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் நாள் முழுக்கத் தேடிவிட்டு, நிற்க முடியாமல் மெட்ராஸுக்குத் திரும்பித் தூதரகத்தில் போய் விழுந்திருக்கிறாள். அவர்களுக்கு எந்தத் தகவலும் வந்திருக்கவில்லை. எங்கள் தந்திதான் முதல் தகவல். ஸ்டேஷனில் கேட்டால் பிடித்த அன்றே தபாலில் போட்டுவிட்டோம் என்றார்கள். திருவிழாத் தபாலில் எங்கோ சிக்கியிருக்கலாம்.

கோர்ட்டில் பாவ்லோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் கட்டிவிட்டு நாட்டை விட்டுப் போகும்படி உத்தரவு ஆனது. வாசலில் கோவிந்தன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பா நெனச்சிக்காத பாலு சாமி. ஒன்ன நாங்க பெரிய ஆளா நெனச்சிட்டோம்” என்றார். பாவ்லோவுக்கு அது புரிந்திருக்காது. அவள் அவர் தோளைப் பிடித்திருந்தாள். இருவரும் காரில் ஏறினார்கள்.

ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று தூதரக அதிகாரி மூலம் பாவ்லோவிடம் கேட்டிருந்தேன். ‘பஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்’ என்று பதில் வந்தது.

8. பிற்பாடு

எண்பதுகளில் எங்களிடம் வந்த வெளிநாட்டுக்காரர்களில் இலங்கைத் தமிழர்களும் இருந்தார்கள். சட்டத்தின் கணக்கில் அவர்களும் அந்நியர்கள். ஒரு நாள் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் காலைச் சாப்பாட்டை வேண்டாம் என்றார். அப்போது நான் ஹெட் வார்டர். பேனாவை எடுக்கும் முன்பு கம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏம்ப்பா? எதாச்சும் கேக்கணுமா? லெட்டர் போவலையா? யாருக்காச்சும் தந்தி குடுக்கணுமா?”

அவர் பதறிவிட்டார். “ஐயோ அண்ணை, அப்பிடி ஒண்டுமில்லை. இண்டைக்கு அம்மான்ரை திவசம். பின்னேரம் சாப்பிடுவன்.”

‘விரதம். காரணம் அவரே சொன்னது’ என்று எழுதினேன். பிற்பகலில் அவர் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒருவர் உண்ணாமல் இருந்தால் அதற்குப் பெயர் வைக்கும் வேலை நம்முடையது அல்ல. அவரிடம் கேட்க வேண்டும். கேட்க மொழி இல்லையென்றால், மொழி தெரிந்தவருக்கு அன்றே சொல்லி அனுப்ப வேண்டும். மரியாதையாக நடத்துகிறோம் என்பதால் ஒருவரைப் புரிந்துகொண்டோம் என்று ஆகாது. பாவ்லோவை எங்களில் யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கும்பிட்டுக்கொண்டேதான் பட்டினி போட்டோம்.

ஒரு விஷயம் மட்டும் என்னால் சரிபார்க்க முடியவில்லை. தேர் நாளன்று அந்தப் பெண், கம்பிக் கதவு போட்ட ஒரு வாசலில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவரிடம் கணவரைப் பற்றிக் கேட்டதாகவும், அவள் பேசி முடிப்பதற்குள் அவர் சிரித்தபடி கையை நீட்டி ஆசிரமம் போகிற சாலையைக் காட்டியதாகவும் தூதரக அதிகாரி சொன்னார். அது எங்கள் வாசலா என்று தெரியவில்லை. அருகிலிருந்த அரசுக் கஜானாவுக்கும் அப்படி ஒரு கதவும் காக்கிக் காவலும் உண்டு. அன்று வெளிக்கதவில் நின்றவர்களிடம் கேட்டேன். “தெனம் எத்தினியோ வெள்ளக்காரங்க வந்து கேக்கறாங்க. எல்லாருக்கும் அந்தப் பக்கந்தான் கைய காட்டுவோம்” என்றார்கள். பகல் டியூட்டியில் உணவு வேளையில் கதவில் மாற்றி நின்றவன் நான். மேளச் சத்தத்துக்கு நடுவே அன்று எனக்கும் சிலருக்கு வழி காட்டியதாக ஞாபகம். அவர்களில் அவள் இருந்தாளா என்பதற்கு என் டைரியில் குறிப்பு இல்லை.